வழியில் ஒன்றுமில்லை

தமிழ்நாட்டிலிருந்து மூத்த எழுத்தாளர் ஒருவர் வந்திருந்தார். 2025-ஐச் சிலாங்கூர் வருகை ஆண்டாக அறிவித்து, நெடுஞ்சாலை முழுக்கப் பதாகை கட்டியிருந்த நேரம். விமான நிலையத்தில் கொடுத்த மடிப்புத்தாளைக் கையிலேயே வைத்திருந்தார். வெப்பமண்டலக் கடற்கரை, செழுமையான மலாய்ப் பாரம்பரியம், மின்மினிகள், கடல் உணவு. இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் வேண்டாம் என்று சொன்ன முதல் தமிழ்நாட்டு விருந்தினர் அவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே செரண்டாவிலிருந்து என் காரிலேயே கூட்டிப் போனேன். "ஊர்ப்பக்கம்தானே போற, நானும் வர்றேன்" என்று அம்மாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

காலையில் கோலா சிலாங்கூர், புக்கிட் மெலாவத்தி. மதியம் செகிஞ்சான் வயல்வெளி. மாலையில் மீண்டும் கோலா சிலாங்கூர், இரவில் கம்போங் குவாந்தான் படகில் மின்மினி. எல்லாம் முடிந்து பெஸ்தாரி ஜெயா வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இரண்டு பக்கமும் கும்மிருட்டு. விருந்தினர் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார்.

"இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒன்னுமில்லைங்கய்யா. செம்பனைதான்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. செரண்டா வந்து, விருந்தினர் அறைக்குப் போன பிறகு, காரிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார். "ஒன்னுமில்லாத எடத்துலதான் நான் பொறந்தேன்."

இந்தக் கட்டுரை அந்த 'ஒன்னுமில்ல'வைப் பற்றியது. அதைச் சொன்னது சுற்றுலாத்துறை அல்ல, நான். அரசாங்கத்தைத் திட்டி எழுதுவது சுலபம், எழுதவும் போகிறேன். ஆனால் முதல் குற்றவாளி யார் என்பது பதிவாகட்டும்.

மலையிலிருந்து தொடங்குவோம். புக்கிட் மெலாவத்தியோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அழகான இடம். சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் கையைப் பிடித்துக் கடலை வாங்கித் தின்னும். 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் ஆளுநர் நாயகத்தின் பெயரை வைத்து ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு அவர்களைத் துரத்திவிட்டார். சிலாங்கூரின் முதல் சுல்தான்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. அந்த மலையில் நின்றால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம் தெரியும். ஓர் அரசு ஏன் அங்கே உட்கார்ந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் சுல்தான் சலேஹுடின், ராஜா லுமு, ஒரு பூகிஸ் இளவரசர். சுலாவேசியிலிருந்து கடல் வழியே வந்த வம்சம். 1766-இல் பேராக் சுல்தானின் அங்கீகாரத்தோடு முடிசூடினார். மலையிலிருந்து இறங்கி வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம். இங்குள்ள மலாய்க் கம்பங்களில் பாதிப் பேருக்குப் பாட்டன் பூட்டன் ஊர் ஜாவா. இன்னொரு பகுதியினர் போர்னியோவின் பஞ்சார்மாசினிலிருந்து வந்த பஞ்சார் மக்கள். சதுப்பு நிலத்தில் பாரிட் வெட்டி, தண்ணீரை வடித்து, வயலாக்கியவர்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்தது ரப்பர் காலத்தில். அதாவது என் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்த அதே காலம்.

வந்தவர்களை வந்தேறிகள் என்று பதிலுக்குத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விளையாட்டில் எனக்கு ஆர்வமில்லை. வந்து, மண்ணைக் கொத்தி, பிள்ளை பெற்று, செத்து, அதே மண்ணில் புதைந்தவர்களின் வாழ்க்கை 'பாரம்பரியம்' ஆகிவிட்டது. அது சரியான காரியம். அப்படித்தான் ஆக வேண்டும். அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போது சமயத்தையும் மொழியையும் வழக்கத்தையும் கேட்கிறது. எந்தக் கப்பலில் வந்தாய் என்று கேட்கவில்லை. சட்டத்தின் வேலை அது. ஆனால் ஒரு மாநிலத்தின் நினைவு சட்டப் பிரிவை வைத்து நடக்க வேண்டுமா? பாரிட் வெட்டியவனின் மண்வெட்டி காட்சிப்பொருள் ஆகும்போது, பால் வெட்டியவளின் உளி ஏன் பழைய இரும்புக்காரனிடம் போகிறது? பாடநூலில் நாம் 'கொண்டுவரப்பட்டவர்கள்'. ஏதோ கப்பலில் வந்த சாமான் மாதிரி.

மரங்களையே எடுத்துக்கொள்வோமே. ரப்பர் பிரேசில் மரம். 1876-இல் விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த ஆண்டு கன்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். முதலில் அழகுக்கு நட்டார்கள். இன்றைக்கு ஐம்பது வெள்ளி நோட்டைத் திருப்பினால் பின்பக்கம் செம்பனை நிற்கிறது. மரத்துக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. மரத்தை நட்டவன் கதை அந்த நோட்டில் இல்லை. அது போகட்டும், மடிப்புத்தாளிலாவது ஒரு வரி இருக்கக்கூடாதா?

அந்த ஒரு வரியில் என்ன எழுதலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. நாங்கள் அன்றிரவு வந்த சாலையிலேயே இருக்கிறது. கோலா சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் தெனமாராம் என்றொரு தோட்டம். பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த மலாய் அகராதியும் தேவையில்லை, தமிழ்க் காதுக்குத் தென்னைமரம் கேட்கும். மலேசியாவில் செம்பனையை முதன்முதலாக வணிகப் பயிராக நட்ட இடம் அது. ஆண்டு 1917. நட்டவர் என்று வரலாற்றில் எழுதப்பட்டிருப்பவர் ஹென்றி ஃபோகோன்யே, பிரெஞ்சுக்காரர். நாட்டை உலகச் சந்தையில் நிறுத்திய ஒரு பயிரின் முதல் தோட்டம், தமிழ்ப் பெயரோடு, மின்மினிப் படகுத்துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிடக்கிறது. இதை வைத்து ஒரு சுற்றுலாத்தலம் உருவாக்கத் தெரியாதவர்களுக்கு வருகை ஆண்டு எதற்கு?

ஃபோகோன்யே வெறும் துரை இல்லை. 1905-இல் மலாயா வந்தவர், கோலா சிலாங்கூர்ப் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். மலாயும் தமிழும் பேசுவார். பிறகு 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதினார். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த தலைப்பு 'மலாயாவின் ஆன்மா' என்று பொருள்படும். அந்த ஆன்மாவைத் தேடி இன்றும் ஐரோப்பிய வாசகர்கள் அந்த நூலைப் புரட்டுகிறார்கள். அதில் பந்துன் இருக்கிறது, அமோக் இருக்கிறது, காடு இருக்கிறது. பழனியாயி என்று ஒரு தமிழ்ப் பெண்ணும் இருக்கிறாள். நாவல் முழுக்க அந்த மண்ணில் வேலை செய்பவர்கள் தமிழர்கள், ஆனால் ஆன்மா மட்டும் வேறு இடத்தில் தேடப்படுகிறது. கூலிக்காரனுக்கு உடம்பு, கம்பத்துக்காரனுக்கு ஆன்மா. துரைமார் பார்வையில் இந்தப் பங்கீடு அப்போதே நடந்துவிட்டது. சுற்றுலா மடிப்புத்தாள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, வாரிசாகப் பெற்றிருக்கிறது. கம்பத்துக்காரனுக்கும் இதில் பெரிய லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஆன்மா' என்று பெயர் கொடுத்துவிட்டு, அவனை வயலிலும் ஆற்றிலும் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். இன்றைக்கும் சுற்றுலாப் படத்தில் அவன் அப்படியேதான் நிற்கிறான், தலையில் ஒரு கூம்புத் தொப்பியோடு.

இனி நம் பக்கம் வருகிறேன்.

2013-இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை ஒரு மேம்பாட்டாளர் இடித்த செய்தி வெளிவந்தபோது நம்மவர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் தவறில்லை, நானும்தான் கொதித்தேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வட சிலாங்கூரில் எத்தனை லயங்கள், எத்தனை ஆயாக்கொட்டகைகள், பெரட்டுத் திடல்கள், தோட்டத்து மருத்துவமனைகள் இடிந்து விழுந்தன? ஒரு கூட்டம் போட்டோமா? ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது நமக்கு மனப்பாடம். சொந்தத் தாத்தா எந்த ஆண்டு, எந்தக் கங்காணியோடு, எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்று கேட்டால் தலையைச் சொறிவோம். கடாரம் கொண்டவன் நம் ஆள். காண்டா தூக்கியவன் யாரோ. காலையில் முந்நூறு மரம் வெட்டி, தோளில் காண்டாவை வைத்துப் பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவனைவிட, ஆயிரம் வருடத்துக்கு முன் கப்பலில் வந்து போன அரசன் நமக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டான். கப்பல், கடை, பெட்டி, கட்டில் எல்லாம் மலாய்மொழிக்கு நாம் கொடுத்தது என்று மேடையில் கைதட்டு வாங்குவோம். அந்தக் கட்டிலில் படுத்தவன் பெயர் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

நம் கவிதைகளையும் சொல்ல வேண்டும். பால்மரம் அழுதது, பனி கண்ணீர் வடித்தது, தாய் ரத்தம் சிந்தினாள். ஐம்பது ஆண்டுகளாக இதையே எழுதியிருக்கிறோம். எந்தத் தோட்டம்? எத்தனையாவது டிவிஷன்? மரம் வெட்டு சாய்வாக இருந்ததா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டு? ஒட்டுப்பாலுக்குத் தனிக் காசு உண்டா? மழை நாளில் அரைப்பேரா, பேரே இல்லையா? இவையெல்லாம் கவிஞருக்குத் தேவையில்லாத விவரங்கள். கண்ணீர் எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அதை எழுதுவது எளிது. விதிவிலக்குகள் உண்டு. அ.ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' ஓர் ஆற்றையும் அதன் கரையில் இருந்த ஆட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' தோட்டத்திலிருந்து ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கணக்கைக் கேட்டது. இப்படிப்பட்ட நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் என் புகார்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார், பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையின், கிராணியின் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. எனக்குத் தெரிந்து இந்த நாட்டின் சுதந்திர வரலாற்றில் இதைவிட அழகான கோரிக்கை இல்லை. ஒரு பழைய சைக்கிளை வைத்து, பக்கத்தில் இந்த ஒரு வரியை எழுதிவைத்தால் போதும், அருங்காட்சியகம் ஆகிவிடும். எந்த மொழிக்காரனுக்கும் புரியும்.

மற்ற இடத்தில் செய்திருக்கிறார்கள். மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய படித்துறை, ஆப்ரவாசி காட், 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தது அரசு இல்லை, ஒரு தொண்டு நிறுவனம். அம்மிக்கல், கொழுந்துக் கூடை, பழைய துண்டுச்சீட்டு. பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாமோ கும்பாபிஷேகத்துக்குத் திருப்பதியிலிருந்து சிற்பி வரவழைக்கிறோம். அப்போது என்ன நடக்கிறது தெரியுமா? கோயில் சுவரில் பதித்திருந்த பழைய உபயப் பலகையைப் பெயர்த்து எடுக்கிறோம். இன்ன ஆண்டு, இன்ன தோட்டம், மூன்றாம் நம்பர் மண்டோர் ஆட்கள் சேர்ந்து கொடுத்த இரண்டு வெள்ளி என்று எழுதியிருந்த கல். அதுதான் நம் ஆவணக்காப்பகம், வேறு எதுவும் கிடையாது. அதை உடைத்து மண் நிரப்பிவிட்டு, புதுக் கருங்கல்லில் இந்த ஆண்டு காசோலை கொடுத்தவர் பெயரைப் பொன்னெழுத்தில் செதுக்குகிறோம். தெரிந்த ஒரு கோயிலில் இதை என் கண்ணாலேயே பார்த்தேன். தலைவரிடம் கேட்டேன். "பழசுதானே தம்பி, யாருக்கு வேணும்?" என்றார். நல்ல மனிதர். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

தோட்டத்தை இப்படிக் கொண்டாட என்ன இருக்கிறது, அது அடிமைக்கூடம்தானே, பிள்ளைகள் அதை மறந்து முன்னேறட்டும் என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்கள் சொல்வது. மரியாதைக்குரிய வாதம்தான், என் அப்பாவும் அதையே சொல்லித்தான் எங்களைச் செரண்டாவுக்குக் கூட்டி வந்தார். லயத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். கள்ளும் கடனும் கிராணியின் அதட்டலும் அதில்தான் இருந்தன. ஆனால் நான் கேட்பது கொண்டாட்டம் இல்லை, சாட்சி.

ஏனென்றால் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. ஓர் இடத்தில் உங்களுக்கு வரலாறு உண்டு என்று எழுதப்பட்டிருந்தால், அங்கிருந்து உங்களை எழுப்பும்போது யாராவது பதில் சொல்ல வேண்டும். எழுதப்படாவிட்டால் தோட்டம் கைமாறிய மறுநாள் நீங்கள் செத்திங்கான், உங்கள் கோயில் அனுமதியில்லாத கட்டடம். 2007 தீபாவளிக்கு முன் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கோயில் உடைபட்டதும், அந்த நவம்பர் 25-இல் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர்ச் சாலையில் இறங்கியதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் ஐந்து தோட்டங்கள்: மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். அங்கிருந்த 245 குடும்பங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், வாக்குறுதி வாங்கினார்கள். அரசு நிதி ஒதுக்கியதே அண்மையில்தான். மூன்று தலைமுறை ஒரே மண்ணில் உழைத்ததை நிரூபிக்க, சம்பளச் சீட்டும் சுடுகாட்டுக் கல்லும் தேடி அலைய வேண்டியிருந்தால் அது எப்படிப்பட்ட பாரம்பரியம்? அதே புக்கிட் தாகாருக்குத்தான் கோலாலம்பூரின் குப்பை நாள்தோறும் லோரியில் வருகிறது. தலைநகரம் நமக்கு எதுவும் அனுப்புவதில்லை என்று சொல்ல முடியாது.

நான் சொல்லும் இந்த வரைபடத்தில் நாம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். செரண்டாவிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் பத்தாங் காலி. 1948 டிசம்பரில் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் படையினர் 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கோலா குபு பாருவுக்கு மேலே, சிலாங்கூர் ஆற்றில் அணை கட்டியபோது தெமுவான் பூர்வகுடிகளின் கிராமங்களை இடம் மாற்றினார்கள். செரண்டா ஆறும் கடைசியில் அந்தச் சிலாங்கூர் ஆற்றில்தான் கலக்கிறது. மேலே பூர்வகுடி, நடுவில் ஈயக்குட்டையும் தோட்டமும், கீழே சுல்தானின் மலை, கரையோரம் பெரெம்பாங் மரத்தில் மின்மினி. எல்லாம் ஒரே தண்ணீர். விருந்தினருக்கு நாம் காட்டுவது கடைசிப் பத்து மைல் மட்டும்.

அவர் ஊருக்குப் போய்ப் பயணக் கட்டுரை எழுதி எனக்கும் அனுப்பினார். நன்றாகவே எழுதியிருந்தார். மின்மினிக்கு ஒரு பக்கம், செகிஞ்சான் மீனுக்கு அரைப் பக்கம். திரும்பி வந்த வழியைப் பற்றி ஒரே வரி: சாலையின் இருபுறமும் பனங்காடு, மனித நடமாட்டமே இல்லை என்று. செம்பனையைப் பனை என்று எழுதிவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்ல? தகவல் கொடுத்தவன் நான்.

அன்று இரவு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்க லயத்துல முதல் வீடு யாரு, ரெண்டாவது வீடு யாரு, வரிசையா சொல்லுங்க என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பெயர், புருசன் பெயர், வெட்டுக்காட்டு நம்பர், எந்தப் பிள்ளை எங்கே கட்டிக் கொடுத்தது. பதினோரு வீடு வந்தது. பன்னிரண்டாவது கதவில் நின்றுவிட்டார். ஒரு கிழவி தனியாக இருந்தாள், ஆடு வளர்த்தாள், பெயர் வரவில்லை. காப்பாரில் இருக்கும் அத்தைக்குத் தெரியும் என்றார். "இப்ப தூங்கியிருப்பா. நாளைக்குக் காலைல பசியாறிட்டு, எட்டு மணிக்கு மேல கூப்பிடு. சத்தமா பேசணும், காது கேக்காது."